முயற்கொம்பு

மார்ச் மூன்று. தபால்காரர் ஹார்லன் வெய்ட்
தீவனச் சாக்கொன்றை மேசைமேல் வைத்தார்.
"பிரிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்,
நான் குடித்திருக்கவில்லை."

நெப்ராஸ்காவில் இந்த வருடம் பனி சீக்கிரம் விட்டுவிட்டது.
மக்காச்சோள அடிக்கட்டைகள் மட்டும் நிற்கும் வயல்,
சரளைச் சாலை, அவர் தடத்தின் கடைசித் தபால்பெட்டி.
அதன் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்ததாம்.
வண்டி நின்றும் ஓடவில்லை.
கடைசியில் அவரே, கையாலேயே.
அதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றினார்.
எதற்குக் கழற்றினோம் என்பதுபோல்
திரும்ப மாட்டிக்கொண்டார்.

பஞ்சுவால் முயல். பெண்.
மோவாயில் மூன்று, கன்னத்தில் இரண்டு,
மூக்கின்மேல் ஒன்று, கண்ணோரம் ஒன்று:
கறுத்து, வரியோடி, நுனி பிளந்து
கொம்பு.

மார்லிஸ் ஸ்வொபோடாவுக்கு இது ஒன்பதாவது.
வனவிலங்குத் துறையில், குளிர்பெட்டி உறுமும் பின்னறையில்
செத்ததைப் பிரித்துக் காரணம் எழுதுகிற வேலை,
பதினேழு வருடமாக.
"வைரஸ்," என்றாள். "மரு மாதிரிதான்.
கொசுவோ உண்ணியோ கடிக்கும்போது ஏற்றிவிட்டுப் போகும்.
தோலை வளரச் சொல்லும்.
நிறுத்தச் சொல்லத் தெரியாது அதற்கு."
"என் நாய் முகர்ந்து பார்த்ததே?"
"நாய்க்கு வராது."
"எனக்கு?"
"உங்களுக்கும் வராது."
அதன் பிறகுதான் அவர் கையைக் கழுவப் போனார்.

பள்ளிக்கூட நாளில் அவள் கட்டைவிரலிலும் ஒரு மரு.
அப்பா குதிரைவால் முடியொன்றை இறுக்கிக் கட்டினார்,
பதினோராம் நாள் உதிர்ந்தது.
அந்தக் குதிரையின் பெயர்கூட ஞாபகமிருக்கிறது.
இதற்கு ஏழு முடி வேண்டும்.

மோவாய்க் கொம்பு கீழே வளைந்து
நுனி தேய்ந்திருந்தது.
வாய்க்கு முன்னால் ஒவ்வொரு முறையும்
புல்லிடம் போய்ச் சேர்ந்தது அதுதான்.
இரைப்பையில் கொஞ்சம் மரப்பட்டை. அவ்வளவு.

இல்லை, அது பிற்பாடு தெரிந்தது.
முதலில் வெள்ளைத்தாளை விரித்துப் படுக்கவைத்தாள்.
சாக்கிலிருந்த சூடு ஆற ஆற
காது மடலிலிருந்து தெள்ளுப்பூச்சிகள் இறங்கின,
வாடகை தீர்த்தவர்கள்போல, அவசரமில்லாமல்.
சீப்பால் வாரி மிச்சத்தையும் இறக்கினாள்.
முப்பத்தொன்று.
உருப்பெருக்கியின் கீழ்
பெண்பூச்சிகள் அத்தனைக்கும் வயிறு உப்பிக் கிடந்தது.

கத்தி எடுக்குமுன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.
இந்தப் பூச்சி தானாகச் சினைப்படாது.
முயல் சினையாகி, பேறு நெருங்கி,
ரத்தத்தில் அந்தச் சேதி ஓடினால்தான்
குடித்த பூச்சிக்குள் முட்டை முதிரும்.
குட்டி விழும் நாளோடு
தன் நாளையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கும்.

நாலு குட்டிகள். கட்டைவிரல் நீளம்.
மூடிய கண். வழுவழுத்த நெற்றி.
வாயடைத்துப் பட்டினி கிடந்தவள்
கடைசிவரை சேதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.
நம்பியவை பூச்சிகள்.

அன்றிரவு மதுக்கடையில் ஹார்லனை யாரும் நம்பவில்லை.
அங்கே சுவரில் ஒரு முயல்தலை,
மான்கொம்பு ஒட்டிய பொம்மை.
நாற்பது வருடமாக அதன் கீழ் நின்று
படம் எடுத்துக்கொள்கிறார்கள்.
அதைக் காட்டி, "இதுவா தம்பி?" என்று சிரித்தார்கள்.
தான் பிடித்த முயலுக்கு என்று தொடங்கும் பழமொழி
அந்த ஊரில் இல்லை.
அவர் பிடித்ததற்கு நாலு காலும் சரியாகவே இருந்தன.

மார்லிஸ் தட்டைக் கழுவினாள்.
எரித்துவிட வேண்டியதைச் சிவப்புப் பையில் கட்டினாள்.
படிவத்தை நிரப்பும்போது மணிக்கட்டில் சுருக்கென்றது.
ஒரு பூச்சி. எப்போது ஏறியதோ.
அவள் தட்டவில்லை.
நாற்பத்தாறு வயது ரத்தத்தைக்
கொஞ்ச நேரம் ருசி பார்த்தது.
தேடி வந்தது அங்கே இல்லைபோலும்,
வாயை எடுத்துவிட்டுத்
தாளுக்குத் தாவிற்று.

முப்பத்தொன்றை அடித்துவிட்டு
முப்பத்திரண்டு என்று எழுதினாள்.